அம்பாசிடர் ஆகப் போற பேராண்டிக்கு ரெண்டு வார்த்தை

ஏலே பேராண்டி, ஐ.எப்.எஸ். பரீட்சைக்குப் படிக்கியாம்ல! ஒங்க ஆத்தா கோமதியம்மனுக்கு மாவிளக்கு நேந்திருக்கா. நல்ல காரியம்தான். சங்கரன்கோவில் தெருவுல மண்ணுல பெரண்ட பய கோட்டு சூட்டு மாட்டிக்கிட்டு, கண்ணாடிக் கிளாஸைக் கையில புடிச்சிக்கிட்டு, இந்தியாவோட வெளியுறவுக் கொள்கை இன்னதுன்னு வெள்ளக்காரனுக்கு வெளக்கப் போறான். கேக்கவே குளுகுளுன்னு இருக்கு. ஆனா அந்தக் கொள்கைய எழுதுறது யாருன்னு ஒங்க கோச்சிங் சென்டர்ல சொல்லிக் குடுத்தாகளா?

பிரதமரு, மந்திரிசபை, வெளியுறவுத் துறை, நாடாளுமன்றம்னு புத்தகத்துல வரிசையாப் போட்டிருப்பான். பரீட்சையில அதையே எழுது, மார்க்கு விழும். நான் சொல்லுதத எழுதிராத, பெயிலாப் போவ. இது வேலையில சேந்த பொறவு ஒனக்கு ஒதவும்.

மொதல்ல வேலை நிலவரத்தத் தெரிஞ்சுக்கோ. 1987 ஜனவரி மாசம். டெல்லியில ராஜீவ் காந்தி பத்திரிகைக்காரங்களக் கூட்டி வச்சுப் பேசுதாரு. பாகிஸ்தான் பத்திரிகைக்காரரு ஒருத்தரு வெளியுறவுச் செயலர் சொன்ன ஏதோ ஒண்ணச் சுட்டிக் கேள்வி கேட்டாரு. சீக்கிரத்துல புது வெளியுறவுச் செயலர் வந்திருவாரு, அவருட்ட பேசிக்கலாம்னு பிரதமரு பதில் சொல்லிட்டாரு. பழைய வெளியுறவுச் செயலர் ஏ.பி.வெங்கடேஸ்வரன் அதே ஹாலுல உக்காந்திருக்காரு! தன்னோட வேலை போன சேதிய அவரும் நிருபர்மாரோட சேந்து கேட்டுக்கிட்டாரு. அன்னைக்கே ராஜினாமா. வெளியுறவுத் துறையோட உச்சிக் கொம்புல இருக்கவருக்கே இந்த மரியாதைன்னா, கடைசிக் கிளையில தொங்கப் போற ஒனக்கு என்ன கெடைக்கும்னு நீயே யோசி.

அதே மாசம் ராஜஸ்தான் எல்லைப் பக்கம் என்ன நடந்துக்கிட்டு இருந்துச்சு தெரியுமா? தரைப்படைத் தளபதி சுந்தர்ஜி பிராஸ்டாக்ஸ்னு ஒரு ஒத்திகை வச்சிருந்தாரு. பேருதான் ஒத்திகை. லட்சக்கணக்குல பட்டாளமும் டாங்கியும் போயி நின்னதப் பாத்துட்டு, பாகிஸ்தான்காரனும் தன் பட்டாளத்த எல்லைக்கு நவுத்திட்டான். நெசச் சண்டையே வந்திரும்போல ஆயிப்போச்சு. கடைசியில பாகிஸ்தான் அதிபரு ஜியா-உல்-ஹக் கிரிக்கெட் பாக்கேன்னு சொல்லிக்கிட்டு பிப்ரவரியில ஜெய்ப்பூருக்கு வந்து எறங்க வேண்டியதாப் போச்சு. ஒத்திகை வைக்கது ஒருத்தரு, ஒலகத்துக்குச் சமாதானம் சொல்லுதது இன்னொருத்தரு. நீ சேரப் போறது அந்த ரெண்டாவது ஆபீசுலப்பா, நல்லாப் பாத்துக்கோ.

அதெல்லாம் வடக்க நடந்த கதை, நம்ம கடல் பக்கம் வருவோம். 1983 ஜூலை 23-ந் தேதி ராத்திரி திருநெல்வேலியில பதிமூணு சிப்பாயக் கொன்னாங்க. பதறாத, நம்ம திருநெல்வேலி இல்ல, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி. அதுக்குப் பழிவாங்குதோம்னு கொழும்புல தமிழன வெட்டுனாங்க, கொளுத்துனாங்க. இங்க நம்ம ஊர்ல ஒவ்வொரு டீக்கடையிலயும் ரேடியோப் பெட்டியச் சுத்திக் கூட்டம். கண்ணீர் வடியாத ஆளு கெடையாது.

அப்ப இந்திரா அம்மா ரெண்டு வேலை பாத்தாக. ஜி.பார்த்தசாரதிய, பழுத்த ராஜதந்திரி, கொழும்புக்கு அனுப்பி சமாதானம் பேச வச்சாக. அது பகல் வேலை. அந்த வருசக் கடைசியிலேயே, டேராடூனுக்குப் பக்கத்துல சக்ராதா மலையில ஈழத்துப் பையங்களுக்குத் துப்பாக்கி சுடச் சொல்லிக் குடுக்க ஏற்பாடு பண்ணுனாக. அது ராத்திரி வேலை. பாத்தது ரா உளவு அமைப்பு. அங்கிட்டுக் கத்துக்கிட்டு வந்தவன் இங்கிட்டு சேலம் கொளத்தூர் காட்டுல மத்தவனுக்குச் சொல்லிக் குடுத்தான். புலி, டெலோ, ஈரோஸ், ஈ.பி.ஆர்.எல்.எப்., புளொட்டுன்னு ஆளுக்கொரு முகாமு. கொழும்புக்காரன் கேட்டா, அப்படி ஒரு முகாமே எங்க மண்ணுல இல்லைன்னு டெல்லி சத்தியம் பண்ணும். அந்தச் சத்தியத்தப் பண்ணுன வாயி யாரு வாயின்னு கேளு. வெளியுறவுத் துறை வாயி! துப்பாக்கி குடுத்தவன் வாயத் தொறக்கவே வேண்டாம், அவனுக்கு அந்தச் சலுகை உண்டு.

நம்ம ஊருச் சாமியப் பாத்திருக்கேல்ல? ஒரு பாதி சிவன், மறு பாதி பெருமாளு. ரெண்டும் ஒண்ணுதான்னு அம்மைக்குக் காட்ட அப்படி நின்னாரு. ஆடித்தபசுக்கு லட்சம் பேரு வந்து கும்பிடுதோம். டெல்லியும் அந்த வருசம் பாதிக்குப் பாதி நின்னுச்சு, ஒரு கையில சமாதானக் காயிதம், மறு கையில எறிகுண்டு. வித்தியாசம் என்னன்னா, நம்ம சாமியோட ஒரு பாதிக்கு மறு பாதி யாருன்னு தெரியும்.

ரா-வ மட்டும் வையாத, நியாயத்தையும் சொல்லிருதேன். 1962-ல சீனாக்காரன்ட்டயும் 1965-ல பாகிஸ்தான்ட்டயும் பட்ட பாட்டுக்குப் பொறவு, 1968 செப்டம்பர்ல ஐ.பி.ங்கிற உள்நாட்டு உளவு அமைப்புலேருந்து பிரிச்சு ஆர்.என்.காவ் கையில குடுத்த அமைப்பு அது. மூணே வருசத்துல கெழக்கு வங்காளத்துல முக்திவாகினிக்குப் பயிற்சி குடுத்து, பட்டாளத்தோட சேந்து ஒரு புது நாட்டையே பொறக்க வச்சுட்டாங்க. அந்தப் பேரு அவங்களுக்கு நெசமாவே சேரும். ஆனா ஒரு தடவை சூதாட்டத்துல செயிச்சவன் சும்மா இருப்பானா? வங்காளத்துல பலிச்சது வன்னியிலயும் பலிக்கும்னு நெனப்பு வந்துட்டு. அங்க தனி நாடு வேணும்னு டெல்லியும் நெனச்சுச்சு, வங்காளியும் நெனச்சான். இங்க பையங்க தனி நாடுன்னு நெனச்சான், டெல்லி அத நெனைக்கவே இல்ல. கொழும்ப அரட்டி வைக்க ஒரு குச்சி வேணும், அம்புட்டுதான் டெல்லிக்கு. குச்சிக்கு உசுரு இருக்கும், அதுக்குன்னு ஒரு நோக்கம் இருக்கும்னு எந்த ஃபைல்லயும் எழுதலபோல.

நாம மட்டும் யோக்கியமான்னு கேளு. தமிழ்நாட்டுக்கும் தனியா ஒரு வெளியுறவுக் கொள்கை இருந்துச்சுலே. எம்.ஜி.ஆருக்குப் புலியப் புடிக்கும், காசு குடுத்தாரு. கலைஞருக்கு டெலோ மேல பாசம். 1986 மே மாசம் புலியே டெலோ தலைவரு சிறீ சபாரத்தினத்தக் கொன்னு போட்டுட்டு. அந்த வருசம் நவம்பர்ல பெங்களூர்ல சார்க் மாநாடு வருது, இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனா வாராரு. ஒடனே தமிழ்நாட்டுப் போலீசு ஒரே நாள்ல முகாம் முகாமாப் பூந்து ஆயுதத்தப் புடுங்குச்சு. மத்தியில ஒரு ஆபீசு குடுத்த துப்பாக்கிய மாநிலத்துல ஒரு ஆபீசு புடுங்குது! பொறவு பிரபாகரன் உண்ணாவிரதம் இருந்து கம்பியில்லாத் தந்திக் கருவியத் திரும்ப வாங்கிக்கிட்டாரு.

இம்புட்டு ஏன், நம்ம கலிங்கப்பட்டிக்காரரு இருக்காருல்ல, வைகோ? டெல்லிப் பட்டாளம் புலியோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்க நேரம், 1989 பிப்ரவரி. ராஜ்யசபா எம்.பி.யா இருக்கும்போதே தோணி ஏறி வன்னிக்காட்டுக்குப் போயி பிரபாகரனப் பாத்துட்டு வந்தாரு. வெளியுறவு அமைச்சகத்துட்டயும் கேக்கல, தன் தலைவரு கலைஞருட்டயும் சொல்லல. நம்ம தாலுக்காவுக்கும் ஒரு வெளியுறவுக் கொள்கை இருந்திருக்கு பாத்துக்கோ. நேர்முகத் தேர்வுல ஊரு எதுன்னு கேட்டா தைரியமாச் சொல்லு.

விட்ட எடத்துக்கு வாரேன். 1987 ஜூன் 3-ந் தேதி யாழ்ப்பாணத்துச் சனங்களுக்கு அரிசி பருப்போட ராமேஸ்வரத்துலேருந்து படகு வரிசையா விட்டாக. சிங்களக் கடற்படை தடுத்துத் திருப்பி அனுப்பிட்டான். மறுநாளே பெங்களூர்லேருந்து அஞ்சு ஏ.என்.-32 விமானத்துல மூட்டைய ஏத்தி, காவலுக்கு மிராஜ் போர் விமானத்த அனுப்பி, யாழ்ப்பாணத்து மேல கொட்டுனாக. மொத்தம் 25 டன்னு போல. ஒரு ஊருக்கு ஒரு வேளைக்குக் காணாது. அரிசியா முக்கியம்? எங்க விமானம் ஒன் தலைக்கு மேல பறக்கும், ஒன்னால ஒண்ணும் புடுங்க முடியாதுன்னு சொல்லணும், அவ்வளவுதான். அதுக்கு வச்ச பேரு என்னன்னா, ஆப்பரேஷன் பூமாலை! நம்ம பூச்சந்தையில இத்தன வருசமாப் பூக்கட்டுதாக, இம்புட்டு வெயிட்டான மாலைய ஒருத்தரும் கட்டுனதில்ல. இதுல வெளியுறவுத் துறைக்கு என்ன வேலை? விமானம் கெளம்பப் போற நேரத்துல இலங்கைத் தூதரக் கூப்புட்டு, இந்த மாதிரி வருது, சுட்டீகன்னா திருப்பிச் சுடுவோம்னு சொல்லுத வேலை. ஒனக்குக் கெடைக்கப் போற வேலையும் இதேதான், நல்லா உச்சரிச்சுப் பழகிக்கோ.

மாலை போட்ட கையோட கல்யாணமும் நடந்துச்சு. ஜூலை 29, கொழும்புல ராஜீவும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாக. மாகாண சபை, வடக்கும் கெழக்கும் இணைப்பு, தமிழுக்கும் ஆட்சி மொழி அந்தஸ்துன்னு எல்லாம் எழுதியிருந்துச்சு. மறுநாள் அணிவகுப்புல நின்ன கடற்படைச் சிப்பாயி ஒருத்தன் துப்பாக்கிக் கட்டையால ராஜீவ ஓங்கி அடிச்சான். அந்தப் படத்த ஒலகமே பாத்துச்சு. ஆனா ஒப்பந்தத்தோட வச்ச கடுதாசிய எத்தன பேரு படிச்சோம்?

அதப் படி பேராண்டி, அதுலதான் ருசியே இருக்கு. திருகோணமலைத் துறைமுகத்த இந்தியாவுக்குக் கேடா வேற எந்த நாட்டுப் பட்டாளமும் பயன்படுத்தக் கூடாது. வெள்ளக்காரன் கட்டுன எண்ணெய்த் தொட்டியள இந்தியாவோட சேந்து சீரமைக்கணும். வெளிநாட்டு ரேடியோ நிலையத்த உளவுக்குப் பயன்படுத்துதாகளான்னு பாக்கணும், அது அமெரிக்காக்காரனுக்குச் சொன்ன சேதி. வெளிநாட்டு ராணுவ, உளவு ஆளுகள வச்சிருக்கதப் பத்தி மறுபடி யோசிக்கணும், அது இஸ்ரேல்காரனுக்கும் பாகிஸ்தான்காரனுக்கும். தமிழன் பேரு ஒப்பந்தத்துல இருந்துச்சு, தளபதிமாரும் உளவுக்காரங்களும் தூக்கம் கெட்டுப் பயந்த சங்கதியெல்லாம் கடுதாசியில இருந்துச்சு. இப்ப ரெண்டையும் தராசுல வச்சுப் பாரு. மாகாண சபைக்குச் சொன்ன நெல அதிகாரமும் போலீஸ் அதிகாரமும் இன்னைக்கு வரைக்கும் முழுசாக் கைக்கு வரல. வடக்கு-கெழக்கு இணைப்ப இலங்கைக் கோர்ட்டு 2006-ல வெட்டி விட்டுட்டு. எண்ணெய்த் தொட்டி? 99 தொட்டியில 14 இந்தியன் ஆயில் கம்பெனிக்கு, 61 ரெண்டு நாடும் கூட்டாவுக்குன்னு 2022 ஜனவரியில கையெழுத்தே ஆயிப்போச்சு. முப்பத்தஞ்சு வருசம் ஆனாலும் தொட்டிய டெல்லி மறக்கல பாரு.

அந்த ஒப்பந்தத்தக் காக்கன்னு நம்ம பட்டாளம் இலங்கைக்குப் போன கதைதான் மனசுல முள்ளாக் குத்துது. அந்த நேரம் கொழும்புல தூதரா இருந்தவரு ஜே.என்.தீட்சித். சிங்களப் பத்திரிகைக்காரங்க வைஸ்ராய்னு அவருக்குப் பட்டம் கட்டியிருந்தாங்க. அவரு பின்னால கொழும்பு நாட்களப் பத்தி ஒரு புத்தகம் எழுதுனாரு. அதுல என்ன சொல்லுதாருன்னா, புலி ஒத்துக்கிடாமப் போனா என்னாகும்னு பிரதமரு கேட்டப்ப, சில வாரத்துல அடக்கிரலாம்னு சுந்தர்ஜி சொன்னாராம். இவங்க நம்ம வளத்த பையங்கதான், நம்ம சொல்லத் தட்ட மாட்டாங்கன்னு ரா பக்கத்துலேருந்து சொன்னாங்களாம். இந்த ரெண்டு வாக்கையும் நம்பித்தான் பட்டாளம் கப்பலேறுச்சு.

அக்டோபர் 10-ந் தேதி புலியோட சண்டை தொடங்குச்சு. மறுநாள் ராத்திரி, பிரபாகரனப் புடிச்சிரலாம்னு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்துல ஹெலிகாப்டர்ல ஆள எறக்குனாக. அதுல சீக்கியப் படையாளு முப்பது பேரு. எறங்குறதுக்கு முன்னாலயே வயர்லெஸ்ஸ ஒட்டுக் கேட்டுட்டு புலி காத்துக்கிட்டு இருந்தான். முப்பதுல ஒருத்தருதான் உசுரோட பொழச்சாரு, அவரும் கைதியா. வயர்லெஸ்ஸ ஒட்டுக் கேக்க அவனுக்குச் சொல்லிக் குடுத்தது யாருன்னு என்ட்ட கேக்காத. உளவுத் துறை தனக்குத் தெரிஞ்சதத் தங்களுக்குச் சொல்லல, கையில நல்ல மேப்பு கூட இல்லன்னு அந்தப் படையில இருந்த தளபதிகளே பின்னால பொலம்பியிருக்காக. அதே மாசம் தீபாவளி அன்னைக்கு யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ள நம்ம பட்டாளம் பூந்து சுட்டதுல டாக்டர், நர்ஸு, நோயாளின்னு அறுபது பேருக்கு மேல செத்துப் போனாக. இதுல எனக்குக் கேலி பேச வாயி வரல, தாண்டிப் போறேன்.

நையாண்டிக்கே நையாண்டியா ஒண்ணு இருக்கு, கேளு. அந்தப் படையோட மொதத் தளபதி மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங். அவரும் புத்தகம் எழுதியிருக்காரு. 1987 செப்டம்பர் நடுவுல ஒரு ராத்திரி தீட்சித் போன் பண்ணி, பேச்சுவார்த்தைக்கு வரும்போது பிரபாகரனப் புடி, இல்லைன்னா சுடுன்னாராம். வெள்ளக்கொடிக்கு மரியாதை குடுத்து வாரவன முதுகுல சுட மாட்டோம், நாங்க பட்டாளத்துக்காரங்கன்னு இவரு மறுத்தாராம். இது அவரு பக்கத்துக் கதை, அதயும் மனசுல வச்சுக்கோ. நெசமா இருந்தா எப்படி இருக்கு பாரு. சமாதானம் பேச வேண்டிய தூதரு சுடச் சொல்லுதாரு, சுட வேண்டிய ஜெனரலு தர்மம் பேசுதாரு! அதனால காக்கி போட்டவன் எல்லாம் சண்டைக்காரன், கோட்டு போட்டவன் எல்லாம் சமாதானக்காரன்னு கணக்குப் போட்டிராத. கொழும்புல ரொம்ப நாளு இருந்தா கோட்டும் காக்கி நெறத்துக்கு வந்திரும்போல.

சில வாரத்து வேலை ரெண்டரை வருசமாச்சு. நம்ம சிப்பாயில 1,100 பேருக்கு மேல செத்தாக. அங்க செத்த சனத்துக்குச் சரியான கணக்கு எவனும் வைக்கல. இலங்கையில பிரேமதாசா ஜனாதிபதியா வந்து பட்டாளத்த வெளிய போகச் சொன்னாரு, அதோட நிக்காம இந்தியாவ எதுத்துச் சண்டை போட புலிக்கே ஆயுதமும் குடுத்தாரு. சக்ராதாவுல பழகுன கைக்குக் கொழும்புத் துப்பாக்கி! 1990 மார்ச்சுல கடைசிக் கப்பலு சென்னைக்கு வந்தப்ப, வரவேற்கப் போக மாட்டேன்னுட்டாரு முதலமைச்சர் கலைஞர். அடுத்த வருசம் மே 21-ல ஸ்ரீபெரும்புதூரு. அதச் சொல்ல வேண்டியதில்ல.

இத்தனைக்கும் தப்புக் கணக்குப் போட்டவங்களுக்கு என்ன தண்டனைன்னு கேப்ப. அந்தச் சமயம் ஐ.பி.க்குத் தலைவரா இருந்த எம்.கே.நாராயணனும், கொழும்புல தூதரா இருந்த தீட்சித்தும் பின்னால ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தரா நாட்டோட தேசியப் பாதுகாப்பு ஆலோசகரு ஆனாக. ராஜீவ் கொலைய விசாரிச்ச ஜெயின் கமிஷனோட இடைக்கால அறிக்கை 1997-ல வெளியாச்சு. நம்ம மண்ணுல நடந்த பயிற்சியெல்லாம் அதுல வந்துச்சு. நாடாளுமன்றத்துல எவன் பயிற்சி குடுக்கச் சொன்னான், ஏன் குடுத்தான்னு விசாரிச்சாகளா? தி.மு.க. மந்திரிய வெளிய போடுன்னு காங்கிரசு சண்டை புடிச்சு, குஜ்ரால் ஆட்சியக் கவுத்துட்டு எலெக்ஷனுக்குப் போயிட்டாக. உளவுக்காரன் செஞ்ச காரியத்துக்கு அரசியல்வாதி நாற்காலி போச்சு, உளவுக்காரன் நாற்காலிய யாரும் தொடவே இல்ல.

பழைய கதைன்னு ஒதறிராத. 2006-ல சியாச்சின் பனிமலையிலேருந்து ரெண்டு நாட்டுப் பட்டாளமும் எறங்குதாப்புல ஒரு ஒப்பந்தம் தயாராகி, கடைசி நேரத்துல மந்திரிசபைக் குழுவுல அத எம்.கே.நாராயணனும் தரைப்படைத் தளபதியும் எதுத்துப் பேசி நிறுத்திட்டாகன்னு அப்ப வெளியுறவுச் செயலரா இருந்த ஷியாம் சரண் எழுதியிருக்காரு. அவுக சொன்னது சரியோ தப்போ, பாகிஸ்தான நம்பலாமா கூடாதான்னு ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. யாரு சொல்லு சபையில ஏறுச்சுன்னு மட்டும் நீ கவனி. 2014-லேருந்து அந்தப் பாதுகாப்பு நாற்காலியில இருக்க அஜித் தோவலும் ஐ.பி.யிலேருந்து வந்தவருதான். ஒங்க ஐ.எப்.எஸ். ஆளுக அந்த நாற்காலிய மொத ரெண்டு தடவையும் நடுவுல ஒரு தடவையும் புடிச்சாக. இப்ப வாசல்ல நிக்காக.

ஒன்னட்ட ஒண்ணு சொல்லுதேன், வெளிய சொல்லாத. எல்லாத்துக்கும் உளவுத் துறைதான் காரணம்னு சொல்லுதவனையும் நம்பாத. இந்திரா அம்மா சொல்லாம ரா சக்ராதாவுக்கு ஒரு பையனக்கூட ஏத்தியிருக்காது. நல்லா நடந்தா என்னோட தலைமை, கெட்டுப் போனா உளவுத் துறையோட தகவல்னு அரசியல்வாதி ஒதுங்குததுக்கு வசதியான திண்ணை அது. உளவுத் துறைக்கும் அதுல வசதி உண்டு. மேலிடம் சொல்லுச்சு, செஞ்சோம்னு அது ஒதுங்கும். ரெண்டு பேரும் ஒரே திண்ணையில சாஞ்சு தூங்குதாக, விலை குடுத்தது வல்வெட்டித்துறையில ஒரு தாயும் பஞ்சாப்புல ஒரு தாயும்.

வெளிநாட்டுலயும் இந்தக் கூத்து உண்டு. 1953-ல ஈரான்ல மொசாதேக் ஆட்சியக் கவுத்தது நாங்கதான்னு அமெரிக்காவோட சி.ஐ.ஏ. ஒத்துக்க அறுபது வருசம் ஆச்சு. ஆனா அவன் 1975-ல செனட்டுல ஒரு கமிட்டி போட்டு சி.ஐ.ஏ.வக் கூண்டுல ஏத்திக் கேள்வி கேட்டான், அடுத்த வருசமே நெரந்தரமா ஒரு கமிட்டியும் வச்சான். இங்கிலாந்துக்காரன் 1994-ல சட்டம் போட்டு நாடாளுமன்ற ஆளுகளக் கொண்டு மேற்பார்வைக் குழு வச்சான். அதனால அங்க உளவுக்காரன் தப்பே பண்ணலைன்னு சொல்ல மாட்டேன், ஈராக்கப் பாத்தோம்ல. பண்ணுன தப்ப ஒரு நாளு பேப்பர்லயாவது படிக்கலாம்.

நம்ம ரா-வுக்கு அது என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாதுன்னு நாடாளுமன்றம் போட்ட சட்டமே கெடையாது. தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டா, ஊழல், மனித உரிமை மீறல்னு புகார் இருந்தாத்தான் வாயத் தொறக்கலாம்னு 24-வது பிரிவுல வெலக்கு. 2010-ல காவ் நினைவுச் சொற்பொழிவுல, ரா நடத்துன அந்தக் கூட்டத்துலயே, துணைக் குடியரசுத் தலைவரா இருந்த ஹமீத் அன்சாரி நாடாளுமன்றக் கண்காணிப்பு வேணும்னு சொன்னாரு. மறு வருசம் மணீஷ் திவாரி லோக்சபாவுல தனி நபர் மசோதா கொண்டாந்தாரு. அது அப்படியே காலாவதி ஆயிப்போச்சு.

நீ பரீட்சைக்குப் படி, நல்லாப் படி. அதோட இன்னொரு வேலையும் இருக்கு. தென்காசித் தொகுதிக்கு ஓட்டுக் கேட்டு எந்தக் கட்சி வேட்பாளரு நம்ம தெருவுக்கு வந்தாலும், தண்ணி வரலை, ரோடு சரியில்லைன்னு எல்லாரும் கேப்பாக. நீ முன்னால போயி, 1968-ல தொடங்குன ஆபீசுக்குச் சட்டம் எப்பய்யா போடுவீகன்னு கேளு. நானும் பக்கத்துல நிக்கேன்.